அசையாமல் இளைக்க ஒரு மாத்திரை

"வாயைக் கட்ட மாட்டேன். காலை ஆட்ட மாட்டேன். ஆனா தீபாவளிக்குள்ள இளைச்சுக் காட்டறேன். இது சத்தியம்!"

சோபாவில் உட்கார்ந்தபடியே இந்தச் சபதத்தைப் போட்டேன். எழுந்து நின்று போட்டிருந்தால் இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும். ஆனால் அந்தச் சோபாவிலிருந்து நான் எழுவதென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். கை கொடுக்க வேண்டிய என் மனைவி கிருத்திகா அப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நடந்தது இதுதான். அன்று காலை சந்தாபுராவில் என் கொழுந்தியா வீட்டுக் கிரகப்பிரவேசம். "நன்னா குனிஞ்சு நமஸ்காரம் பண்ணுங்கோ" என்றார் அய்யர். நன்றாகவே குனிந்தேன். என் நீலப் பட்டுச் சட்டையின் தொப்பைப் பொத்தான் படீரென்று தெறித்து, நேராக ஹோமகுண்டத்தில் போய் விழுந்தது. அய்யர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு, "ஸ்வாஹா" என்று சொல்லிவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கிருத்திகா தீர்ப்புச் சொன்னாள்.

"நாளைலேருந்து காலைல அஞ்சரைக்கு சேஷகிரி சாரோட பார்க்குக்குப் போறீங்க."

சேஷகிரி எங்கள் மாடி வீட்டுக்காரர். ரிட்டையர் ஆன கன்னடக்காரர். பெங்களூரில் நாங்கள் குடியிருக்கும் அடுகோடியில், பார்க்கில் சிரிப்பு க்ளப் நடத்துகிறார். விடியாத வேளையில் பத்துப் பேர் வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி, காரணமே இல்லாமல் 'ஹோ ஹோ, ஹா ஹா' என்று கத்துவார்கள். படிக்கட்டில் என்னைப் பார்த்தால் போதும், "பன்னி பாலகுமார், பன்னி!" என்பார். கன்னடத்தில் அதற்கு 'வாங்க' என்றுதான் அர்த்தம். நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொல்லும்போது மனசு கொஞ்சம் சங்கடப்படும்.

எனக்கென்று இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சுகம் காலைத் தூக்கம். எட்டு மணி வரை அசைய மாட்டேன். அதில் கை வைத்தால் சும்மா இருப்பேனா? அதனால்தான் சபதம்.

"அப்போ தீபாவளிக்கு இதே சட்டை. பொத்தான் தைச்சுத் தரேன். போட்டுக் காட்டணும்."

"காட்டறேன்."

"வாயைக் கட்டாம? நடக்காம?"

"ஒரு இட்லி குறைக்க மாட்டேன். ஒரு அடி கூட வைக்க மாட்டேன்."

"காட்டிட்டா?"

"ஆயுசுக்கும் என்னை எட்டு மணிக்கு முன்னாடி யாரும் எழுப்பக் கூடாது."

"சொன்ன மாதிரி நடக்கலேன்னா ஆயுசுக்கும் சிரிப்பு க்ளப். சரியா?"

"சரி!"

என் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை ஒன்றைப் பற்றிப் போனில் பார்த்து வைத்திருந்தேன். டாக்டர் சீட்டே வேண்டாமாம். உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலும் இருந்தது. தெரு முனைக் கடையில் வாங்கினால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் ஆட்டோ பிடித்து ஆஸ்டின் டவுனில் கிளிஃபர்டின் மெடிக்கலுக்குப் போனேன்.

"டாக்டரைக் கேட்டீங்களா சார்?" என்றார் கிளிஃபர்ட்.

"கேட்டாச்சு, கேட்டாச்சு." எந்த டாக்டரை, என்ன கேட்டேன் என்பது அவருக்கு எதற்கு?

"போன் நம்பர் சொல்லுங்க சார். பாயிண்ட் ஏறும்."

இங்கேதான் புத்தி பிசகியது. பெங்களூரில் அரிசி வாங்கினாலும் சாக்ஸ் வாங்கினாலும் நம்பர் கேட்கிறார்கள். பாயிண்ட் சிதறக் கூடாது என்று எங்கள் வீட்டில் எல்லாக் கடைக்கும் ஒரே நம்பர். கிருத்திகாவின் நம்பர். பழக்க தோஷத்தில் நாக்கு அதையே சொல்லிவிட்டது. மாத்திரை டப்பாவை லேப்டாப் பையின் அடியில் ஒளித்துக்கொண்டு நான் வீட்டுக்கு வருவதற்குள் பில் அவள் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது. இது அப்போது எனக்குத் தெரியாது. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்ற தெம்பில், ஓட்டலில் நின்றபடியே ஒரு வெண்ணெய் மசால் தோசையும் நாலு மைசூர் போண்டாவும் உள்ளே தள்ளினேன். ஆபீஸ் பஸ் ஏறினேன். சில்க் போர்டு சிக்னலில் பஸ் வழக்கம்போல் நின்றது. என் வயிற்றுக்குள் யாரோ பீரோவை நகர்த்தினார்கள்.

"டிரைவர்! கதவைத் திறங்க!"

"சிக்னல் சார். இங்க எறக்கக் கூடாது."

"யோவ், எனக்கு சிக்னல் விழுந்தாச்சுய்யா!"

என் முகத்தைப் பார்த்ததும் அவர் கதவைத் திறந்துவிட்டார். ஓடினேன். அன்று காலை ஹொசூர் ரோட்டில் நகர்ந்த ஒரே வண்டி நான்தான். பெட்ரோல் பங்க் டாய்லெட்டை அடைந்துவிட்டேன். ஆனால் கொஞ்சம் தாமதமாக.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போனது முழுக்க எண்ணெய். ஆரஞ்சு நிறத்தில், மிதந்துகொண்டு. அந்த அவமானத்திலும் ஆர்வம் தாங்காமல் ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். நாலு போண்டாவுக்குள் இவ்வளவு எண்ணெயா!

சாயங்காலம் குளியலறையில் என் பேன்ட்டை நானே துவைத்துக்கொண்டிருந்தபோது கிருத்திகா வந்து நின்றாள்.

"என்னங்க, நீங்க துவைக்கிறீங்க?"

"சும்மாத்தான்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இல்லாத சும்மாவா?"

"சாம்பார் கொட்டிடுச்சு."

"பின்பக்கமா?"

"பின்னாடி உட்கார்ந்தவன் கொட்டிட்டான்!"

"ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரைச் சொன்னாள் என்று விளங்கவில்லை.

அன்றுதான் டப்பாவுக்குள் இருந்த துண்டுக் காகிதத்தைப் படித்தேன். எறும்புக்கால் எழுத்து. சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பை உடம்பு உறிஞ்ச விடாமல் இந்த மாத்திரை வெளியே தள்ளுமாம். எண்ணெய்ப் பண்டம் தின்றால் 'திடீரென்றும், அடக்க முடியாமலும்' நேரலாமாம். நேர்ந்தாயிற்றே!

மறுநாளே கிளிஃபர்டிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் உள்ளேயிருந்து ஒரு வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்தார்.

"அது உங்களுக்கு ஹெவி சார். இதைச் சாப்பிடுங்க. கொஞ்சம் மைல்டு."

"லேபிளே இல்லையே?"

"புது ஸ்டாக் சார். லேபிள் பின்னாடி வருது."

"எண்ணெய் சாப்பிடலாமா?"

"உங்க இஷ்டம் சார்" என்று சொல்லிவிட்டு, என் பேன்ட்டை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையே போதும் என்று வந்துவிட்டேன்.

புது மாத்திரை பிரமாதம். மறுநாள் காலை பாத்ரூமில் ஒன்றுக்குப் போய்விட்டுக் குனிந்து பார்த்தேன். மஞ்சள்! சாதாரண மஞ்சள் இல்லை, கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் தடவுகிற மஞ்சள். "உருகுது! கொழுப்பு உருகுது!" என்று கத்திவிட்டேன்.

"உள்ள யாரோட பேசறீங்க?" என்றாள் கிருத்திகா.

"தண்ணி நல்லா வருதுன்னு சொன்னேன்!"

ஆனால் பயம் மட்டும் போகவில்லை. காகிதத்தில் படித்ததெல்லாம் எனக்கு வந்தது. தலை சுற்றியது. வயிறு இரைந்தது. எண்ணெயைக் கண்டாலே கால் தானாகப் பின்வாங்கியது. கதவு மூடிய வண்டி எதையும் நம்பவில்லை. சாயங்காலம் சில்க் போர்டிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி அடுகோடி வரை நடந்து வந்தேன். ஆபீஸில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் என் கதி என்ன? படியேறினேன். அந்த ரோட்டில் எந்த ஓட்டல் டாய்லெட் சுத்தம் என்று இப்போது என்னைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

இந்தச் சமயம் பார்த்து கிருத்திகா பூரியாகப் போட்டுத் தள்ளினாள். ஒரு நாள் பஜ்ஜி. ஒரு நாள் நெய் வழியும் பொங்கல். பந்தயத்தைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"பூரி உப்பி வந்திருக்குங்க, ரெண்டு வைக்கட்டா?"

"வேணாம், வேணாம்! ரெண்டு இட்லி போதும்."

"என்னங்க, வாயைக் கட்டறீங்களா?"

"சேச்சே! பசியில்ல."

"சட்டையெல்லாம் வேர்த்திருக்கு. நடந்தா வந்தீங்க?"

"பஸ்ல ஏசி ஓடல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோற்கப் போகிற வருத்தம் என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நீலப் பட்டுச் சட்டையைப் போட்டேன். மேலிருந்து கீழ்வரை எல்லாப் பொத்தானும் மூடிக்கொண்டது. உள்ளே ஒரு கையை விடுகிற அளவுக்கு இடமும் இருந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. இனி ஆயுசுக்கும் எட்டு மணி!

கிருத்திகா என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இளைச்சிருக்கீங்க. ஆனா எனக்குத் தெரியாம வாயைக் கட்டி நடந்திருக்கீங்க. பந்தயம் செல்லாது."

"யாரு? நானா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே ஓடி வெள்ளை டப்பாவை எடுத்து வந்து அவள் எதிரில் வைத்தேன். "பாரு! எல்லாம் மாத்திரையோட வேலை. என் வேலை ஒண்ணுமே இல்ல!"

"இது பி காம்ப்ளெக்ஸ்ங்க."

"என்னது?"

"வெறும் வைட்டமின். மாத்திரை பில் என் போனுக்குத்தானே வந்துச்சு. நீங்க பேன்ட் துவைச்ச அன்னைக்கே கிளிஃபர்ட் அண்ணனுக்குப் போன் போட்டு மாத்திக் குடுக்கச் சொல்லிட்டேன். டாக்டரைக் கேட்காம கண்டதை முழுங்கி உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"அப்போ அந்த மஞ்சள்?"

"பி காம்ப்ளெக்ஸ் முழுங்கினா யாருக்கும் மஞ்சளாத்தான் போகும்."

"மாத்திரை இல்லேன்னா நான் எப்படிடி இளைச்சேன்?"

"நீங்களே சொல்லுங்க. பூரி தின்னீங்களா?"

"இல்ல."

"பஜ்ஜி?"

"தொடல."

"சில்க் போர்டுலேருந்து எப்படி வந்தீங்க?"

"நடந்து…"

நெஞ்சு விம்மியது. எல்லாமே என் சொந்த முயற்சி! "ஆமா கிருத்திகா! வாயைக் கட்டினேன், நடந்தேன், இளைச்சேன்!" என்று முழங்கினேன். முழங்கி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

அவள் ஒரு லட்டை எடுத்து என் வாயில் அன்பாக ஊட்டினாள்.

"நாளைக்கு அஞ்சரைக்கு சத்தம் போடாம எழுந்து போங்க. நான் எட்டு மணி வரைக்கும் தூங்கணும்."