முக்காலியைக் கட்டிப்பிடித்த காலை

மலைச்சரிவில் நிற்கிறவர் யாரையும் அதட்டக் கூடாது. அந்த நேரத்தில் தன் காலைப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கச் சரிவை அளக்கும் வேலை. சர்வே இன்ஜினீயராக நான் பொறுப்பெடுத்துப் போன முதல் நாள். உதவிக்குப் பழனிசாமி அண்ணன். எதிர்ச்சரிவில் பிரிஸம் கண்ணாடி பொருத்திய கம்பத்தைப் பிடித்து நிற்பது அவர் வேலை. முக்காலிமேல் இருக்கும் மெஷின் வழியாக அதைப் பார்த்து அளப்பது என் வேலை.

"நான் சொல்லாம அசையவே கூடாதுங்ண்ணா" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். (இன்ஜினீயர் அல்லவா.)

சரிவில் முக்காலியின் இரண்டு கால்களைப் பள்ளப்பக்கம் ஊன்ற வேண்டும். நான் ஒன்றைத்தான் ஊன்றியிருந்தேன். குனிந்து கண்ணை வைத்ததும் அதுவும் சரளையில் நழுவியது. தாவி மெஷினைக் கட்டிப்பிடித்தேன். இருவருமாகச் சறுக்கி ஓர் உண்ணிப்புதருக்குப் பின்னால் போய் நின்றோம். முக்காலி புதரில் சிக்கியிருந்தது. நான் முக்காலியில் தொங்கினேன். கீழே பள்ளம். மெஷின் உடைந்தால் வேலை போய்விடும். கையை விட்டால் நானே போய்விடுவேன்.

கழுத்தில் கிடந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. "ஏனுங்க மேடம், எடுத்தாச்சுங்களா?"

தாடையால் பட்டனை அழுத்தி, பல்லைக் கடித்தபடி, "விழப்போறேண்ணா" என்றேன். அவர் காதில் விழுந்தது "போறேண்ணா" மட்டும். அங்கிருந்து பார்த்தால் ஆளையும் காணோம், புதர் வேறு அசைகிறது.

"செரிங்க, போயிட்டு வாங்க. நான் அசையலீங்க."

(மரியாதைக்கு முதுகைக் காட்டித் திரும்பியும் நின்றுகொண்டாராம்.)

காலடியில் கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று உருண்டன. விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது போலிருந்தது. கை மரத்துப்போனது. மறுபடி தாடையால் பட்டனை அழுத்தினேன். "இங்க வாங்கண்ணா."

கூச்சத்தோடு கேட்டார், "நான் எதுக்குங்க மேடம் அங்க?"

"மெஷின் விழுதுங்ண்ணா."

அதற்குப் பிறகுதான் ஓடிவந்தார். மேலே ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு ஒரு கையை நீட்டினார். "மொதல்ல மெஷினைப் புடிக்கட்டுங்களா, உங்களைப் புடிக்கட்டுங்களா?"

"மெஷினை" என்றேன்.

அவர் அதை முக்காலியோடு இழுத்துக்கொண்டார். நான் தொங்கியதே அதில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளத்தில் போய் உட்கார்ந்தேன். நான் பயந்த ஆழத்தில் பாதிகூட இல்லை. மெஷினில் ஒரு கீறல் இல்லை. என்னிடம் கீறல் இல்லாத இடமில்லை.

என் கல்யாண மேடையில் பழனிசாமி அண்ணன் இதை மாப்பிள்ளை காதில் சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் பரணிலிருந்து இட்லிச் சட்டியை எடுக்க நான் ஸ்டூலில் ஏறினால், என் வீட்டுக்காரர் வந்து இரண்டு கையையும் நீட்டுவார். "மொதல்ல சட்டியைப் புடிக்கட்டுங்களா, உங்களைப் புடிக்கட்டுங்களா?"

இதுவரை சட்டியைத்தான் கொடுத்திருக்கிறேன்.