ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு தியான நடை

நடப்பதற்கு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. ஒரு வயதுக் குழந்தைகூட விழுந்து எழுந்து தானாகவே நடந்துவிடுகிறது. நான்தான் நாற்பது வயதுக்கு மேல் போனில் வீடியோ பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டவன். (லட்சணத்தை நீங்களே பாருங்கள்.)

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். வெறுமனே நடப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. கூடவே கொஞ்சம் முக்தியும் கிடைத்தால் நல்லதுதானே என்று தேடியபோது தியான நடை சிக்கியது. வெறுங்காலில், தலை குனிந்து, ஒவ்வோர் அடியையும் உணர்ந்து மெல்ல நடக்க வேண்டும். கிளம்பிய இடத்துக்குத் திரும்பும்வரை பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. எது குறுக்கே வந்தாலும் அது சோதனை.

எங்கள் தெருவில் இப்படி நடக்க வெட்கம். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னை யாருக்கும் தெரியாத ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறினேன்.

"நடக்கறதுக்கு இன்னாத்துக்குய்யா டிரெயினு?" என்று கேட்டாள் என் மனைவி விமலா. ஆன்மிகம் அறியாதவளிடம் வாதம் எதற்கு என்று போய்விட்டேன்.

நெல் வயல்களுக்கு நடுவே ஒரு குறுகலான தார்ச் சாலை. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். வெயில் ஏற ஏறத் தார் சுட்டது. கண்ணில் நீர் முட்டியது. விதிப்படி அதையும் உணர்ந்தேன். பின்னால் எங்கோ மேளச் சத்தம் கேட்டது. சோதனை என்று நடந்தேன். சத்தம் நெருங்கியது. திடீரென்று என் தோளில் ரோஜா இதழ்கள் விழுந்தன. முதல் நாளே இப்பேர்ப்பட்ட நிலை வாய்க்கும் என்று வீடியோவில்கூடச் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்து பொரி வந்து விழுந்தபோதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது.

கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டினேன். சவ ஊர்வலம். இரண்டு பக்கமும் சேறு, ஒதுங்க இடமில்லை. வேகமாக நடந்தால் அதுவரை சேர்த்ததெல்லாம் வீணாகிவிடும். ஆகவே அதே நிதானத்தில் நடந்தேன். எனக்குப் பின்னால் மொத்த ஊரும் அதே நிதானத்தில் வந்தது.

சாலை பிரியும் இடத்தில் பாடையை இறக்கினார்கள். பெண்கள் கடைசியாக முகம் பார்த்து, வாய்க்கரிசி போட்டுவிட்டுத் திரும்பும் இடம் அது. இறந்தவரின் மகன் வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தி, யார் என்று விசாரித்தான். நான்தான் பேசக் கூடாதே. கைகூப்பினேன். எந்த ஊர் என்று இன்னொருவர் கேட்டார். மறுபடியும் கைகூப்பினேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது தார் செய்த வேலை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கூட்டம் முணுமுணுத்தது. 'தடா' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. இறந்த முனிரத்தினம் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர் என்பதும், ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாக ஊரே பேசி வந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மகன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "நெலத்துல பங்கு கேக்க இன்னிக்குத்தான் நாள் பார்த்துக்கினு வந்தியா?"

அவனை விலக்கிவிட்டு அவன் அம்மா வந்தார். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்பனா ஒரு நாளு நீ வருவன்னு எனக்குத் தெரியும் நைனா. உங்கப்பனுக்குப் போட்டுட்டுப் போ" என்று என் கையில் அரிசியை வைத்தார்.

என் மௌனம் அங்கே உடைந்தது.

"அம்மா, நான் வாக்கிங் வந்தவன்மா."

மேளம் நின்றுவிட்டது. டாக்டர், சர்க்கரை, வீடியோ என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மகனின் பிடி தளர்ந்தது. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"பரவால்ல. கையில வாங்கிட்ட. போட்டுட்டே போ."

போட்டேன்.

கருமாதிக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். விமலாவோடு போனேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தத் தடா பேச்சுக்கு வாழ்க்க பூரா பயந்துக்கினு கெடந்தேன். அன்னிக்கு நீ வந்து நின்னப்ப, இவ்ளோதானான்னு ஆயிப்போச்சு."

இந்த முறை எந்த விரதமும் இல்லாமலே கைகூப்பினேன்.

தடாவிலிருந்து இன்றுவரை யாரும் வரவில்லை. பொங்கலுக்கு அந்த அம்மா வீட்டுக்கு நாங்கள்தான் போகிறோம். மகன் தன் சொந்தக்காரர்களுக்கு என்னை 'தடா அண்ணன்' என்றுதான் அறிமுகம் செய்கிறான், கதையோடு சேர்த்து. மணவாள நகரில் இருக்கும் என் அம்மாவைப் பற்றி விமலா தன் தங்கைகளிடம் புலம்ப ஆரம்பித்தால், "எந்த மாமியாரு, அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர்கள் மேற்கொண்டு காது கொடுக்கிறார்கள்.