குளிசையரும் நடராசாவின் இரத்தமும்

அன்றைக்குச் சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர்கள்: எங்களுக்குப் பேப்பர் வாசிக்கிற நடராசா. அவருக்கு நேரே சுருட்டுச் சுற்றுகிற குளிசையர். பக்கத்தில் செல்லையா அண்ணை. கதவடியில் நான்.

குளிசையரைப் போலக் குளிசை விழுங்கினவர் வலிகாமத்திலேயே இல்லை. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். தலையிடி வரமுதலே தலையிடிக் குளிசை போடுவார். தண்ணி தேவையில்லை. கதையையும் நிறுத்தமாட்டார். மடியில் ஒரு தகரப்பெட்டி. ஆர் ஆசுப்பத்திரிக்குப் போய்வந்தாலும் மிஞ்சின குளிசை அதற்குள் விழவேண்டும். வெற்றிலைத் தட்டம் மாதிரி அதுவும் கொட்டிலுக்குப் பொது. வெள்ளை நோவுக்கு, மஞ்சள் மனக்கவலைக்கு. சிவப்பு என்னத்துக்கென்று அவருக்கும் தெரியாது. முதலாளியின் வண்டில் மாட்டுக்கும் ஒருக்கால் கொடுத்தார். மாடு பொழுதுபடும் மட்டும் எழும்பவில்லை. முதலாளி சந்தைக்கு நடந்துபோனார்.

நடராசாவுக்குக் காலில் இரத்தம் கட்டியிருந்தது. அதை இளக்க ஆசுப்பத்திரியில் குளிசை கொடுத்தார்கள். கேளாமல் வேறொன்றும் போடவேண்டாம் என்று சொல்லித்தான் விட்டார்கள். ஆனால் நாள் முழுக்கக் காலை மடக்கிச் சம்மாணம் கட்டியிருந்து வாசிக்கிற மனிசன். முழங்கால் நோ. குளிசையருக்குப் பொறுக்கவில்லை.

"உது வெறும் தலையிடிக் குளிசை, அண்ணை. கடையிலை ஆரும் வாங்கலாம். உது என்ன செய்யப்போகுது?"

காலையில் ரெண்டு, பின்னேரம் ரெண்டு. ஒரு கிழமை போனது.

அன்றைக்குப் பேப்பரில் ஒரு சொட்டு இரத்தம் விழுந்தது. நடராசாவின் மூக்கிலிருந்து. சூடு என்று செல்லையா அண்ணை தலையில் தண்ணி வார்த்தார். நடராசா மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு மரண அறிவித்தல் வாசித்தார். பஞ்சு நனைந்தது. மாற்றினோம். அதுவும் நனைந்தது. பிறகு பல்லடியிலும் வந்தது. ஆள் சரிந்தார்.

கார் பிடித்துக் கொண்டுபோனோம். வேறு என்ன போட்டவர் என்று டொக்குத்தர் கேட்டார். குளிசையர் மடியை அவிழ்த்துப் பெட்டியை மேசையில் கவிழ்த்தார்.

"நான்தான் ஐயா குடுத்தனான். உந்த வெள்ளை."

டொக்குத்தர் ஏசவில்லை. "தனித்தனியா ரெண்டும் மருந்துதான். சேர்ந்தால் இரத்தம் நிக்காது. இப்ப இரத்தம் ஏத்தவேணும்."

குளிசையர் சேட்டுக் கையை மடித்தார். "என்ரையை எடுங்கோ."

"நீர் கடைசியா எப்ப குளிசை போட்டனீர்?"

குளிசையர் வாசல் பக்கம் பார்த்தார். "வரேக்கை. காருக்குள்ளை."

வேண்டாம் என்றுவிட்டார்கள். செல்லையா அண்ணையும் நானும் கொடுத்தோம். குளிசையர் விடியும் மட்டும் விறாந்தையில் நின்றார்.

நடராசா தப்பினார். திரும்பிவந்த அன்று பேப்பரை விரித்து, மரண அறிவித்தலை மேலிருந்து கீழே பார்த்தார்.

"குளிசையர், இண்டைக்கும் என்ரை பேர் வரேல்லை."

எல்லாரும் சிரித்தோம். குளிசையர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு பெட்டிக்குள் ஊசியும் நூலும்தான். தலையிடி வந்தால் தலையில் துவாயை இறுக்கிக் கட்டுவார். கன நாள் பொறுத்து, ஒருவருக்கும் சொல்லாமல் ஆசுப்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டினார். இரத்தம் எடுத்தார்கள். பிறகும் பிறகும் போனார். ஆருக்கு ஏறியதோ தெரியாது.

அவர் கண்மூடினபிறகுதான் ஆசுப்பத்திரித் துண்டுகளை எண்ணினோம். பதினொரு போத்தல்.