பஷீரின் கூடுதல் கோரிக்கை

"கேஸைத்தான் வாபஸ் வாங்கிப்போட்டேனே அம்மணி, அப்புறம் எதுக்கு வாய்தா?" என்று கேட்டார் சுந்தரராஜுலு.

"உங்க கேஸ்தானுங்க முடிஞ்சுது. பஷீர் ஐயா போட்ட எதிர்க்கோரிக்கை தனி வழக்கு மாதிரிங்க. அது உசுரோட இருக்குது. நீங்க பதிலுரை போட்டே ஆகணும்" என்றாள் வக்கீல் நவ்யா.

சுந்தரராஜுலுவும் பஷீரும் பீளமேட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரே மில்லில் முப்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பஷீர் வீட்டு நாவல் மரம் தன் புதுக் காரைக் கறையாக்குகிறது, கிளையை வெட்டச் சொல்லுங்கள் என்று கோர்ட்டுக்குப் போனவர் சுந்தரராஜுலு. 'அவர் சுவர் என் இடத்தில் அரையடி ஏறியிருக்கிறது, இடிக்கச் சொல்லுங்கள்' என்று எதிர்க்கோரிக்கை போட்டார் பஷீர். இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

போன மாதம் பஷீருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் கிளம்பியதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார் சுந்தரராஜுலு. பேசாமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று பயம் வந்துவிட்டது. பஷீர் தேறி வீடு திரும்பிய மறுநாளே வழக்கை வாபஸ் வாங்கினார்.

"அவரு சொல்றது பூராவும் நெசம்னு பதிலுரை எழுதிப்போடு."

"தோத்துருவீங்க!"

"தோத்தாத் தோத்துட்டுப் போறேன்."

பதிலுரையைப் பார்த்த பஷீர் தரப்பு பதறிப்போய் வாய்தா வாங்கியது. பஷீரின் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று சுந்தரராஜுலு ஆள் வைத்துச் சுவரையே இடித்தார்.

அடுத்த வாய்தாவில் கூடுதல் கோரிக்கை வந்தது. இடித்ததில் கோழிக்கூண்டு நசுங்கிவிட்டதாம். புதுச் சுவர் கட்டித் தர வேண்டுமாம்!

அந்தக் காகிதத்தோடு நேராகப் பஷீர் வீட்டுக்கே போனார். இவரைக் கண்டதும் பஷீர் விருட்டென்று உள்ளே போய்விட்டார். அவர் மனைவி ஜன்னத் மட்டும் கூண்டருகே நின்றிருந்தார்.

"இடின்னாரு, இடிச்சேன். இப்பக் கட்டுங்கறாரு. நான் என்ன செஞ்சா அவரு கோவம் தீருமுங்க, தங்கச்சி?" சுந்தரராஜுலு காகிதத்தை நீட்டினார்.

ஜன்னத் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கோவமெல்லாம் இல்லீங்கண்ணா. பையன் இந்த ஊட்டை வித்துப்போட்டு எங்களைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேங்கறான். கேஸ் இருக்கற ஊட்டை யாரும் வாங்கமாட்டாங்களாமா. உங்களை உட்டுப்போட்டுப் போக மனசில்லாம அவரு ஒத்தையில கேஸை இழுத்துட்டுக் கெடக்கறாரு. புண்ணியமாப் போகும், நீங்களும் ஒரு கேஸ் போடுங்கண்ணா!"