ஏ.ஆர். பாட்டிலும் நான் ஊற்றிய மிச்சமும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கடவுளைக்கூடக் கிரேடு பார்த்துவிட்டுக் கும்பிடுகிற ஒரே ஆள் எங்கள் லேப் ஸ்டோர்கீப்பர்தான்!

அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'ஏ.ஆர்.'. சோதனைக்கென்றே வரும் மிகச் சுத்தமான ரசாயனத்துக்கு ஏ.ஆர். கிரேடு என்று பெயர். ஒருபடி கீழே, கல்லூரி லேபுக்குப் போவது எல்.ஆர். டிரம்மில் வருவது கமர்சியல். மனிதர் உலகத்தையே இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். கேன்டீன் சாம்பார் கமர்சியல். கவரைப்பேட்டைக்கு நேரத்தில் வந்துவிட்ட ரயில் எல்.ஆர்.

"அண்ணி இன்னா கிரேடுண்ணா?" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"அத்த டெஸ்ட் பண்ண நம்ம லேப்ல வசதி இல்லம்மா."

அவருடைய ஒரே கட்டளை: "பாட்டில்ல இருந்து எடுத்தத திருப்பி ஊத்தாத. மிஞ்சினா கொட்டு." மிஞ்சிய ரசத்தைச் சட்டியிலேயே ஊற்றி வளர்ந்தவள் நான். மனசு கேட்குமா? வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், பீக்கரில் மிஞ்சிய ஆசிடை நைசாகத் திருப்பி ஊற்றிவிட்டேன். துருப்பிடித்த கரண்டியால் அதைக் கலக்கியிருந்தது நினைவிலேயே இல்லை.

மறுநாள் வந்தது வினை. கேட்டில் லாரி நிற்கிறது. சரக்கில் அந்த ஆசிடையும் சோதனை மருந்தையும் விட்டுப் பார்த்தால், இரும்பு இருப்பதாகச் சிவக்கிறது! சரக்கைத் தயாரித்த ஆபரேட்டர் ஏசுதாஸ் மேல் பாய்ந்தார் மேனேஜர். "ரியாக்டரக் கழுவினியா இல்லியா? நாளைலருந்து வராத!"

ஏ.ஆர். ஓடி வந்தார். சரக்கே சேர்க்காமல், வெறும் தண்ணீரில் அதே ஆசிடையும் மருந்தையும் விட்டுப் பார்த்தார். அதுவும் செக்கச்செவேல்!

"சார், சரக்கு சுத்தம்! என் பாட்டில்தான் பூட்ச்சி! எவனோ திருப்பி ஊத்திக்கிறான்!"

"பாட்டில் உங்க பொறுப்பு. அப்ப நீங்கதான் வீட்டுக்குப் போகணும்" என்றார் மேனேஜர்.

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம். ஆனால் ஏ.ஆரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் சார் ஊத்தினேன்."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் ஏ.ஆர். பாட்டிலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "லேபிளப் படிங்க சார்! இரும்பு இவ்ளோ, ஈயம் இவ்ளோன்னு தன் அழுக்க தானே எழுதி ஒட்டிக்கினு கீது. கமர்சியல் டிரம்ல எழுதிக்குதா? ஒண்ணியும் கெடையாது! இந்தப் பொண்ணு ஏ.ஆர். சார். இத்த அனுப்பிட்டு டிரம்ம வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

புது பாட்டிலின் சீலை உடைத்து, அந்த ஆசிடில் சோதித்தோம். நிறமே வரவில்லை! லாரி கிளம்பியது. எங்கள் மூன்று பேர் வேலையும் பிழைத்தது.

கெட்டுப்போன ஆசிடைக் கண்ணாடிச் சாமான் கழுவ ஒதுக்கி, அதில் ஒரு சீட்டு ஒட்டினார் ஏ.ஆர்.: 'கழுவ மட்டும். இரும்பு உண்டு. ஊற்றியவர் ஒப்புக்கொண்டார்.'

ஆசிட் தீர்ந்து எத்தனையோ நாளாயிற்று. அவரும் ஓய்வு பெற்று பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டார். அந்தக் காலி பாட்டில் மட்டும் என் மேசையில் இருக்கிறது. தினமும் நான்தான் துடைக்கிறேன், சீட்டு கிழியாமல்.