உங்களுக்கு ஏன் வரல?

நோயாளியைக் கண்டால் ஒதுங்கிப் போகிற, நன்றாக இருக்கிறவனைக் கண்டால் விரட்டிப் பிடிக்கிற டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் முதலியார்பேட்டைத் தெருவில்தான் இருக்கிறார். அந்த அம்மாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வெளிநாட்டு மாநாடுகளில் அதைச் சொல்லித்தான் மேடைக்குக் கூப்பிடுகிறார்களாம். எங்கள் தெருவில் அவர் 'ஏன்வரல டாக்டர்'.

பெயர்க் காரணம் எளிது. தெருவில் நாலு பேருக்குக் காய்ச்சல் என்றால் மற்ற டாக்டர்கள் அந்த நாலு பேரைப் பார்ப்பார்கள். இவர் ஐந்தாவது வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களுக்கு ஏன் வரல?" என்று கேட்பார். அதுவும் ஏமாற்றமான குரலில். அவர் தலை தெரிந்தாலே திடகாத்திரமான ஆண்கள்கூட இருமிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

தொற்றுநோய் எங்கே கிளம்பி எப்படிப் பரவுகிறது என்று ஆராய்வதுதான் அவர் வேலை. மருந்து எழுதுவது இல்லை. இது தெரியாமல், குடிவந்த புதிதில் தலைவலி மாத்திரை கேட்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

"வீட்ல யாருக்குத் தலைவலி இல்ல?"

"என் மனைவிக்கு இல்லீங்க."

அவ்வளவுதான். என்னை அப்படியே வாசலில் விட்டுவிட்டு என் மனைவியைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பிப் போய்ப் பார்த்தால் இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் தலைவலியை யாருமே விசாரிக்கவில்லை.

இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையே ஓடியிருக்கிறது. படிப்பு முடித்த கையோடு பாகூர் பக்கம் எலிக்காய்ச்சலைத் தேடிப் போனாராம். சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களில் பலர் படுத்துவிட்டார்கள். படுக்காத ஒரு விவசாயியின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, காலைக் காட்டச் சொல்லியிருக்கிறார். மனிதருக்கு வந்ததே கோபம்.

"காச்சல்காரன் பக்கத்து வூட்ல கெடக்கறான். நீ என்னாத்துக்கும்மா என் கால பாக்கற?"

"ஒரு வெடிப்பு, ஒரு புண்ணு இல்லியே, அதத்தான் பாக்கறேன். அது வழியாத்தான் கிருமி உள்ள போவும்."

அப்படி ஊர்க்காலையெல்லாம் பார்த்து எழுதியதுதான் அவருடைய முதல் கட்டுரை. பின்னாளில் ஏதோ பெரிய விருது கொடுத்தபோது, "காய்ச்சல் வராத விவசாயிகளுக்கு நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டாராம். சபையில் ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிவதற்கும் தெருவுக்கு மஞ்சள் காமாலை வரவேண்டியிருந்தது.

அந்தக் கோடையில் வீட்டுக்கு வீடு கண் மஞ்சளாயிற்று. பழி நேராகத் தெருமுனை நன்னாரி சர்பத்துக் கடைமேல் விழுந்தது. கடைக்காரர் பாயுடைய அப்பா காலத்திலிருந்து அதே இடத்தில் இருக்கிற கடை. படுத்தவர்களில் பாதிப் பேர் முந்தின வாரம் அங்கே குடித்தவர்கள். இது போதாதா? கூட்டம் கூடி, மறுநாளைக்குள் கடையை எடுத்துவிட வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார்கள். பாய்க்கு வேறு பிழைப்பு கிடையாது.

அப்போதுதான் டாக்டர் வந்தார். பாய் ஒரு டம்ளர் சர்பத்தை நீட்டினார்.

"நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க டாக்டரம்மா. அப்பவாச்சும் நம்புவாங்க."

"மாட்டேன் பாய். நான் குடிச்சு எனக்கு ஒன்னும் ஆகலன்னா, அதுக்கு அர்த்தமே கெடையாது."

பாய் முகம் செத்துப்போயிற்று. இந்தம்மாவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரோ கூட்டத்தைப் பார்த்து, "இதுல யாருக்கெல்லாம் வரல?" என்றார். கூட்டம் மளமளவென்று கரைந்தது. ஓடத் தெரியாமல் மாட்டியவன் நான்.

"உங்களுக்கு ஏன் வரல?"

"தெரியலீங்க. போன வாரம் நானுந்தான் சர்பத்து குடிச்சேன்."

"போன வாரத்த வுடுங்க. இந்தக் காமாலை உள்ள நொழஞ்சு கண்ணுல தெரியறதுக்கு ஒரு மாசம், ஒன்னரை மாசம்கூட ஆவும். மாசி மகத்தப்போ என்ன தண்ணி குடிச்சீங்க?"

மாசி மகம் என்றதும் எனக்கு வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது. பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர், தெருவே 'மிசே' என்று மரியாதையாகக் கூப்பிடும். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. மாசி மகத்துக்கு முன்பே உடைந்த எங்கள் வீட்டுக் குழாயைத்தான் மாதக்கணக்கில் சரிசெய்து தரமாட்டேன் என்கிறார். கேன் தண்ணீர் தூக்கித் தூக்கி என் தோள்பட்டையே இறங்கியிருந்தது. இதை நான் புலம்பப் புலம்ப டாக்டர் முகம் மலர்ந்தது.

அங்கிருந்து நோய் வராத வீடாகப் பார்த்து ஏறி இறங்கினார். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கொதிக்கவைத்த தண்ணீர், ஒன்றில் என்னைப் போலக் கேன். படுத்த வீடுகள் எல்லாவற்றிலும் தெருக்குழாய்த் தண்ணீர். கடைசியாகக் கடைக்கு வந்தார். கரைந்த கூட்டம் வேடிக்கை பார்க்கத் திரும்பியிருந்தது.

"பாய், மாசி மகத்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

பாய் நெற்றியைத் தேய்த்தார். "காரைக்கால்ல. பொண்ணுக்குப் பிரசவம்னு மாசம் பூரா கடைய சாத்திட்டுல்ல போயிருந்தேன்... யா அல்லா!"

நோய் உள்ளே நுழைந்த மாதத்தில் கடையே திறந்திருக்கவில்லை. பாவம், அவருக்கே அது தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் போன வாரத்தையே துழாவிக்கொண்டிருந்தோம். படுத்த வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் பிரிகிற இடமாகப் பார்த்து டாக்டர் காட்ட, அங்கே தோண்டினார்கள். யாரோ எதற்கோ பள்ளம் வெட்டியபோது உடைந்த குடிநீர்க் குழாய், சாக்கடைக்குள் ஊறிக்கொண்டிருந்தது. கடையை எடு என்று தொண்டை கிழியக் கத்தியவர்தான் அன்று சாயங்காலம் முதல் சர்பத்து குடித்தார். மிசே என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "வாலா!" என்று பிரெஞ்சில் கூவி, "பாத்தியா தம்பி? நான் ரிப்பேர் பண்ணாம வுட்டதே ஒன் நல்லதுக்குத்தான்!" என்றார். குழாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அன்று நான் பிரமித்துப்போனேன். இன்றும் அந்தப் பிரமிப்பு தீரவில்லை. ஒரு கிருமியைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு ஆளைக் குற்றம் சொல்லவில்லை. படுக்காதவர்களைக் கேட்டுக் கேட்டே ஒரு மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டார்.

போன மழைக்கு டாக்டருக்கே டெங்கு வந்துவிட்டது. அவரைக் கண்டால் ஓடுகிற தெரு முழுக்க அவர் வாசலில் செருப்பைக் கழற்றியது. பாய் ஒரு டம்ளர் சர்பத்தோடு கட்டில் பக்கம் போனார். காய்ச்சலில் கண் சொருகக் கிடந்தவர், அவரைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார்.

"உங்களுக்கு ஏன் வரல பாய்?"

"நீங்க இந்தத் தெருவுல இருக்கீங்களேம்மா, அதான்."

"அதுக்கு ஆதாரம் இல்ல" என்றார் டாக்டர். ஆனால் கையை நீட்டி டம்ளரை வாங்கி, அன்றைக்குத் தொட மறுத்த சர்பத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

ஆதாரம் வேண்டுமென்றால் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள் டாக்டர். நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.