நடுவருக்குப் போர்த்திய பொன்னாடை

நம் ஊரில் ஒரு நல்ல நிகழ்ச்சியைக் கெடுக்க மழை வேண்டியதில்லை. ஒரு மைக்கும் ஒரு கட்டுப் பொன்னாடையும் போதும். இதை நான் யாரோ சொல்லக் கேட்டுச் சொல்லவில்லை. ஒரு தொழில்முறைக் காற்பந்து ஆட்டத்தையே பொன்னாடையால் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்த ஆள் நான். (வேறு யாராவது இருந்தா சொல்லுங்க, சங்கம் வச்சிரலாம்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவில், கிள்ளானில் ஒரு காற்பந்துக் குழுவின் அலுவலகத்தில் ஊடக அதிகாரி. பதவியின் பெயரைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். முகநூலில் படம் போடுவது, பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதுவது, டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் தலைவரின் காடிக்கு, அதாவது காருக்கு, இடம் பிடித்து வைப்பது எல்லாம் அந்த அதிகாரியின் வேலைதான். குழுவின் சின்னம் நண்டு. ஒரு காலத்தில் எங்கள் பிடியில் சிக்கினால் தப்ப முடியாது என்று மற்ற குழுக்கள் நடுங்கினவாம். நான் சேர்ந்தபோது நண்டிடமிருந்து எங்கள் ஆட்டக்காரர்கள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பந்தைப் பக்கவாட்டிலேயே கடத்திக்கொண்டிருந்தார்கள்.

பாவம், அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் அலுவலகத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. டத்தோ ஒரு லோரி கம்பெனியின் முதலாளி. லோரி பழசானால் தள்ளிவிட்டு வேறொன்று வாங்குவார். ஆட்டக்காரர்களையும் அப்படித்தான் பார்த்தார். பக்கத்துப் பண்டமாரானிலிருந்து வந்த உள்ளூர்ப் பையன்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டிவிட்டு, கைப்பேசியில் வந்த வீடியோவைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்களை எடுத்தார். ஒருவர் விமானத்திலிருந்து இறங்கியபோது வீடியோவில் இருந்ததைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தார். ஆள் அவர்தான், வீடியோதான் பழசு. இன்னொருவரைக் கோல்கீப்பர் என்று நம்பி எடுத்தோம். அவர் முன்வரிசை ஆட்டக்காரர். பாவப்பட்ட மனுஷன், எங்கள் மனம் கோணக்கூடாதென்று மூன்று ஆட்டம் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றார். அரங்கத்தில் ஒரு விளக்குக் கம்பம் எரியவில்லை. அதைச் சரி செய்வதைவிட எல்லா ஆட்டங்களையும் வெயிலோடு முடித்துவிடுவது சுலபம் என்று முடிவெடுத்ததும் நாங்கள்தான்.

ஆனால் என் அப்பாவின் கணக்கில் இவை எதுவும் முதல் தவறு அல்ல. முதல் தவறு மாறனை வெளியே அனுப்பியதுதான்.

மாறன் இடது ஓரத்தில் ஓடுவார். நான் சிறுவனாக இருந்தபோது, அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் என்னை மோட்டாரில் முன்னால் உட்காரவைத்து அரங்கத்துக்குக் கூட்டிப்போவார். பந்து மாறன் காலுக்குப் போனதும், கச்சாங் கடலைப் பொட்டலத்துக்குள் கையை விட்டவர்கள் கையை வெளியே எடுக்க மாட்டார்கள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத அப்பா, "போ, போ, போய்க்கிட்டே இரு" என்று கத்துவார். அந்தக் குரலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவரை அப்படிப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காத்திருப்பேன். பிறகு ஒருநாள், காலில் பழைய வேகம் போய்விட்டது என்று சொல்லி மாறனை நீக்கினார்கள். பயிற்சிக்கு வந்தவரிடம் வாசல் காவலாளி சொல்லித்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. அன்றோடு அப்பா அரங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். எனக்கு அங்கே வேலை கிடைத்தபோதும், "சம்பளத்த வாங்கிக்க. ஆட்டம் பாக்க மட்டும் என்னக் கூப்புடாத" என்றார்.

அந்த ஆண்டின் கடைசி ஆட்டம் எங்கள் அரங்கத்தில். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். ஜெயிக்க வைக்க என்னால் முடியாது என்பது எனக்கே தெரியும். மாறனை அழைத்து, கூட்டத்தின் முன்னால் பொன்னாடை போர்த்தி, தொடக்க உதையை அவர் காலால் உதைக்க வைக்கலாம் என்று டத்தோவிடம் சொன்னேன். நாலு பேர் கூடுதலாக வருவார்கள் என்று அவரும் சரி என்றார். என் திட்டம் வேறு. மாறன் வந்தால் அப்பா வருவார். இன்னொரு முறை அந்தக் குரலைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பண்டமாரானில் மாறன் வீட்டுக்குப் போனேன். கிடங்கு ஒன்றில் பாரந்தூக்கி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். தொந்தி விழுந்திருந்தது.

"வேணாம் தம்பி. மறந்து போனவங்களுக்கு எதுக்கு ஞாபகப்படுத்தணும்?"

"மறக்காதவங்களும் இருக்காங்கண்ணே. எங்கப்பா நீங்க போனதுலேர்ந்து அங்க வர்றதே இல்ல. நீங்க வந்தா வருவாரு."

மாறன் தன் தொந்தியைத் தடவிக்கொண்டார். "சரி, வரேன். ஆனா மைக்க என் கையில குடுத்துறாத லா."

அப்பாவிடம் சொன்னதும், "மாறனா? உண்மையாவா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு எழுந்துபோய்த் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். (அம்மா அதிர்ச்சியில் அடுப்பை அணைத்துவிட்டார்.)

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய்ப் பிரமுகர்களுக்கு மெல்லிய பொன்னாடைகள் ஒரு கட்டும், மாறனுக்கு ஜரிகை போட்டது ஒன்று தனியாகவும் வாங்கினேன். "மாப்பிள்ளைக்கா?" என்றார் கடை பாய். காற்பந்து ஆட்டக்காரருக்கு என்றேன். "அப்ப காட்டன் எடுங்க தம்பி, வேர்க்கும்" என்றார்.

அன்று மாலை திடலின் ஓரத்தில் மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, ரோஸ் நிறத்தில் பண்டோங் பானம் வைத்திருந்தோம். அறிவிப்பாளர் நான். அப்பா மூன்றாம் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாறன் பாத்தேக் சட்டையும் தோல் சப்பாத்துமாக, மேசைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

டத்தோ மைக்கைப் பிடித்தார். அது தெரிந்த ஆபத்துதான். தெரியாத ஆபத்து அவர் சட்டைப்பையில் இருந்த பெயர்கள். குழுவுக்குப் பணம் கொடுத்த ஆதரவாளர்கள் வந்து முடிந்தார்கள். பிறகு காப்புறுதி முகவர் வந்தார். டத்தோ மகளின் நடன ஆசிரியை வந்தார். லோரிக்கு டயர் போடுகிறவர் குடும்பத்தோடு வந்தார். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, படம், இரண்டு வார்த்தை. இரண்டு அணியினரும் வெயிலில் நின்று காய்ந்தார்கள். எதிரணியில் ஒருவர் புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

கட்டு தீர்ந்தது. ஜரிகைப் பொன்னாடை மட்டும் தட்டில் இருந்தது. அந்த நேரம் பார்த்து, நேரமாகிவிட்டதைச் சொல்ல நான்காவது நடுவர் எங்களை நோக்கி ஓடி வந்தார். மலாய்க்காரர், கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே வந்தார். டத்தோ அந்த வேகத்தில் யாரென்று பார்க்கவில்லை. நம்மிடம் வருகிறவர் எல்லாம் பொன்னாடைக்குத்தான் வருகிறார்கள் என்ற பழக்கம். தட்டிலிருந்ததை எடுத்து விரித்து அவர் தோளில் போர்த்திவிட்டார். அந்த மனிதர் திகைத்துப்போய், "தெரிமா காசே, டத்தோ" என்று மலாயில் நன்றி சொல்லிக் கும்பிட்டார்.

நான் டத்தோவின் காதருகே போய், "டத்தோ, அது மாறன் அண்ணனுக்கு" என்றேன்.

"ஏன், வேற இல்லையா?" என்று அவர் மைக்கிலேயே கேட்டார். அரங்கம் முழுக்கக் கேட்டது.

மூளை வேலை செய்யாதபோது கை வேலை செய்யும். என் கை மேசை விரிப்பை இழுத்தது. வித்தைக்காரர்கள் இழுத்தால் கண்ணாடிக் குவளைகள் அப்படியே நிற்குமே, அந்த ஞாபகம் போலிருக்கிறது. எங்கள் மேசையில் எதுவும் நிற்கவில்லை. பண்டோங் முக்கால்வாசி டத்தோவின் வெள்ளைக் கால்சட்டையில் போனது. மிச்சம் விரிப்பில். அதையே மடித்து மாறனின் தோளில் போர்த்தினேன். கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மானம் கப்பலேறியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

"ஈரமா இருக்கு தம்பி" என்றார் மாறன் மெதுவாக.

"மன்னிச்சிருங்கண்ணே."

"விடு. இந்தக் குழு எனக்குப் போத்துன மொத துணி இதுதான்."

நடு வட்டத்தில் பந்தை வைத்தார்கள். லேசாகத் தட்டிவிட்டுப் படத்துக்கு நின்றால் போதும் என்று சொல்லியிருந்தேன். மாறன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். பந்தைத் தட்டினார். தட்டிவிட்டு அதன் பின்னாலேயே போனார்.

எதிரணிக்காரர்கள் முதலில் சிரித்துக்கொண்டு வழிவிட்டார்கள். ஓர் இளைஞன் மட்டும் விளையாட்டாகக் குறுக்கே வந்தான். பந்து அவன் கால்களுக்கு நடுவே போக, மாறன் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போனார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இன்னொருவன் உண்மையாகவே சறுக்கி விழுந்து தடுக்கப் பார்த்தான். பந்து கிடைக்கவில்லை. இடது ஓரம், வெறுங்கால், தொந்தி, தோளில் பறக்கும் மேசை விரிப்பு. மூன்றாம் வரிசையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. "போ, போ, போய்க்கிட்டே இரு." நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கோல்கீப்பர் பாய்ந்தார். பந்து அவர் கைக்கு எட்டாத மூலையில் போய் விழுந்தது.

அந்தச் சில நொடிகளுக்காக இன்றும் ஏங்குகிறேன். அரங்கம் நிறைந்திருந்த காலம், அப்பாவின் மோட்டார், அவர் நெஞ்சில் சாய்ந்து வீடு திரும்பியது எல்லாம் அந்த ஓட்டத்தில் திரும்ப வந்தன. எங்கள் பயிற்றுநர் என்னிடம் வந்து, "அவர் பேர ஆட்டக்காரரா பதிஞ்சிருக்கா?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

பிறகு உண்மையான ஆட்டம் நடந்தது. ஐந்துக்குப் பூஜ்யத்தில் தோற்றோம். தாமதத்துக்காகக் குழுவுக்குத் தண்டனை வந்தது. என் வேலை போனது. விரிப்பைக் கேட்டரிங் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார், அவர் பிழைப்பு அவருக்கு. இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய குழு அடுத்த ஆண்டு பதிவே செய்யவில்லை. இப்போது அந்தத் திடலில் பழைய காடிகள் விற்கிறார்கள். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண நிறுவனத்தில் இருக்கிறேன்.

ஸ்ரீ கெம்பாங்கானில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் தகப்பனார் காற்பந்துப் பிரியராகப் போய்விட்டார். "கடைசி ஆட்டம் அஞ்சுக்கு சைபர் தானே?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். அப்பா கையிலிருந்த பலகாரத்தைத் தட்டில் வைத்தார்.

"அஞ்சுக்கு ஒண்ணு."

"அது சும்மா தொடக்க உதை, சம்பந்தி. கணக்குல வராது."

"கீப்பர் பாஞ்சான் லா. சும்மாவா பாய்வான்?"

கல்யாணம் நடந்துவிட்டது, சண்டை முடியவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனார் வேண்டுமென்றே ஆரம்பிப்பார். என் மனைவி முறுக்குத் தட்டை நடுவில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்காருவாள். கடைசியில் அப்பா என்னைச் சாட்சிக்கு அழைப்பார். "நீ அங்கதானே நின்ன, சொல்லு." ஐந்துக்குப் பூஜ்யம் என்று அன்று பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பியவனே நான்தான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும், "அஞ்சுக்கு ஒண்ணுப்பா" என்றுதான் சொல்வேன்.

அப்பா திருப்தியாக நாற்காலியில் சாய்ந்துகொள்வார். "அப்ப என்ன, இன்னும் நாலு போட்டா டிரா" என்பார்.